எல்லாமே லோ செட்டிங்

கிராபிக்ஸ் செட்டிங்கில் "அல்ட்ரா" என்று கடைசியாக ஒரு படி இருக்கிறதே, அதை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதுவும் என் மெஷினில் இல்லை, பாங்காக்கில் மச்சான் அறையில். தண்ணீரில் மேகம் தெரிந்தது, குதிரையின் பிடரி மயிர் காற்றுக்கு ஆடியது, ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம் நெளிந்தது, எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு லோவுக்கு இறக்கிவிட்டேன். "இதுக்கா மாப்ளே மூணு மாசச் சம்பளத்தைக் கொட்டினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கேம் விஷயத்தில் என் கருத்து எதுவும் எங்கள் கூட்டத்தில் விலைபோவதில்லை. சரி, இங்கே மொத்தமாகக் கொட்டிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

எனக்குக் கேம் அறிமுகமானது ரங்கூனில், எங்கள் தெருமுனைக் கேம் கடையில். (யாங்கோன் என்றுதான் இப்போது எழுத வேண்டும், எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது வருவதில்லை.) எனக்குப் பன்னிரண்டு வயது. பத்து மெஷின், இரண்டு டேபிள் ஃபேன், கல்லாவில் ஊலே. ஊலே என்பது அவர் பெயரில்லை, மாமா, சித்தப்பா வயதில் இருக்கும் எந்த ஆணையும் பர்மியில் அப்படித்தான் கூப்பிடுவோம். முந்நூறு சாட் கொடுத்தால் ஒரு மணி நேரம். எந்த மெஷினில் எந்தக் கேமைத் திறந்தாலும் லோவில்தான் இருக்கும். யாராவது கையை வைத்து மீடியத்துக்கு ஏற்றினால் ஊலே பின்னால் வந்து நிற்பார், ஒரு வார்த்தை பேசாமல் மவுஸை வாங்கித் திரும்ப இறக்கிவிட்டுப் போவார். அப்போது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமைத் தொழிலாக ஆடுகிறவர்களில் பலர் இன்றைக்கும் வேண்டுமென்றே ரெசல்யூஷனைக் குறைத்து, படத்தை அகலவாக்கில் இழுத்து வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. மெஷின் திணறக் கூடாது, எதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. ஊலேவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது மின்கட்டணம்.

அது எனக்கும் இப்போது தெரியும். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டின் மின் அளவு 450 வாட். எங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் 60 வாட். அந்த ஒரு கார்டு முழுவீச்சில் ஓடும் நேரத்தில் இங்கே ஏழு ஃபேன் ஓடும். இன்வெர்ட்டர் பேட்டரியை நம்பிப் பிழைக்கிற வீட்டில் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது. நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு என்று முறைவைத்து விட்ட நாட்களில், கரண்ட் வந்ததும் முதலில் மோட்டார் ஓட வேண்டும், அப்புறம் அம்மாவின் ரைஸ் குக்கர், அப்புறம் எல்லார் போனும், இன்வெர்ட்டரும். இத்தனைக்கும் கொடுத்து மிஞ்சினால் எனக்கு. ஒரு நொடிக்கு இத்தனை படம் என்கிற ஃப்ரேமை 30-இல் பூட்டி, நிழலை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்தால் என் லேப்டாப் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 60-க்கு விட்டால் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும். 30 ஃப்ரேமில் ஆடினால் கண் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று புலம்புகிறவர்களைப் படித்திருக்கிறேன். இரண்டு நாளில் கண் பழகிவிடும். புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எத்தனை வருடமானாலும் பழகுவதில்லை.

இதோடு சேர்ந்ததுதான் சேவ் விவகாரம். நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடாத கேம், கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து செய்த கேம். சான் ஆண்ட்ரியாஸ் 2004-இல் வந்தது, எங்கள் கடையில் பல வருடம் அதுதான் ராஜா. அதில் சேவ் செய்ய வேண்டுமென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மிஷனில் ஆறு தடவை செத்து, ஏழாவது தடவை எப்படியோ முடித்து, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினால் பொட்டென்று இருட்டு. பத்துப் பையன்களும் ஒரே குரலில் ஒரே கெட்ட வார்த்தை. ஊலே மெழுகுவத்தியை ஏற்றி நோட்டில் மிச்ச நேரத்தைக் குறித்துக்கொள்வார், நாளைக்கு வந்து ஆடலாம் என்பார், நேர்மையான மனிதர், ஆனால் மிச்ச நேரத்தைத்தான் அவரால் திருப்பித் தர முடியும், மிஷனைத் தர முடியாது. கரண்ட் திரும்பி வரும்போது தெரு முழுக்க "மீ லாபீ!" என்று ஒரு கூச்சல் எழும், மேல்மாடிக் கிழவிகூடக் கத்துவாள். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பர்மியில் நான் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈவு இரக்கமற்ற கேம் என்று ஊரே பேசும் டார்க் சோல்ஸில் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது, உண்மை. ஆனால் அது நம்மைக் கேட்காமலே ஓயாமல் சேவ் செய்துகொண்டே இருக்கும். கரண்ட் போய்த் திரும்ப வந்து திறந்தால் ஏறக்குறைய விட்ட இடத்திலேயே நிற்கலாம். வாள்காரனிடம் செத்தால் கருணை இல்லை, கரண்டிடம் செத்தால் கருணை உண்டு. அதனால்தான் எவனாவது அதைக் கொடூரமான கேம் என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நிறுத்திவைக்க விடாததைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பத்தா கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போகாமல் இருக்க எங்கள் வீட்டில் முடியாது, வாள்காரன் காத்திருக்கவும் மாட்டான். அப்பத்தாவால் நான் செத்த சாவுகளுக்குக் கணக்கே இல்லை.

தனியாக ஆடுகிற கேமுக்கும் இணையம் கட்டாயம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டயாப்லோ 3 வெளியான 2012-இல் உலகம் முழுக்க ஆட்கள் உள்ளே போக முடியாமல் "பிழை 37" என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு சில நாள் கடுப்பு, அப்புறம் கேலிப் பேச்சு. எங்கள் கதை வேறு.

எனக்கு மொபைல் லெஜண்ட்ஸ் என்ற போன் கேம் பிடிக்காது. பர்மாவில் இதை வெளியே சொன்னால் டீக்கடையில் பக்கத்து முக்காலி காலியாகிவிடும். ஆனாலும் 2021 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, நானும் போனை முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். சிங்கப்பூரில் அந்தக் கேமின் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பர்மிஸ் கூல்ஸ் என்கிற எங்கள் ஊர் அணியும் பிலிப்பைன்ஸின் பிரென் அணியும். ஏழு ஆட்டமும் போய், 4-3 என்று தோற்றோம். அன்றைக்கு இரவு தெருவில் எல்லாரும் ஏதோ நம் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் ஒரு மார்க்கில் போய்விட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எட்டாம் நாள், பிப்ரவரி 1, திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் போனில் கோடு இல்லை, இணையம் இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, மிச்சம் உங்களுக்கே தெரியும். அந்த மாதம் 15-ஆம் தேதியிலிருந்து ராத்திரி ஒரு மணிக்கு இணையத்தை அணைத்தால் காலை ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள்.

அந்த ராத்திரிகளில் எங்களுக்கு உதவியது 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் கட்டி, படை திரட்டி மோதுகிற கேம். பான்சொடான் நடைபாதையில் எப்போதோ வாங்கிய சிடி, உறைகூட இல்லை. எங்கள் ஊர்க் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், முனையில் கிளிப்போ பையோ இருக்கும், பேப்பரும் சாப்பாட்டுப் பொட்டலமும் அதில்தான் மேலே ஏறும். மச்சான் வீடு ஐந்தாம் மாடி, எங்கள் வீடு மூன்றாம் மாடி. அவர்கள் கயிற்றோடு சேர்த்து ஒரு லேன் கேபிளை முடிந்து கீழே விட்டான், நான் ஜன்னல் வழியே இழுத்துச் செருகிக்கொண்டேன். எட்டு மணிக்குத் தெரு முழுக்கப் பாத்திரம் தட்டுவார்கள், நாங்களும் தட்டுவோம், அப்பத்தாவிடம் இருந்தது வெண்கலப் பானை, அதுதான் எங்கள் தளத்திலேயே பெரிய சத்தம். அது ஓய்ந்து, ஊரடங்கில் தெரு அடங்கின பிறகு ஆட்டம் தொடங்கும். எந்த சர்வரையும் கேட்க வேண்டியதில்லை. இருபது வருடப் பழைய கேம், இருபது அடிக் கேபிள். எனக்கு அதைவிட நல்ல கேம் இரவுகள் அமைந்ததில்லை. இதைச் சொல்லவே ஒரு மாதிரி இருக்கிறது, அந்த மாதங்களில் வெளியே நடந்ததை நினைத்தால்.

மேப் பெரிதாக இருந்தால் நல்லது என்கிற நம்பிக்கை எனக்குச் சுத்தமாகப் போனதும் அப்போதுதான். முன்பு நானும் எத்தனை சதுர கிலோமீட்டர் என்று பார்த்து வாய் பிளந்தவன்தான். அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவில் இங்கிலாந்து முழுக்கக் குதிரையில் சுற்றினேன். ஒரு ஊரின் பெயராவது, ஒரு சந்தின் திருப்பமாவது மனதில் நின்றதா என்றால் இல்லை. மேப்பில் புள்ளி தெரியும், போவேன், எடுப்பேன், அடுத்த புள்ளி. தபால்காரன்கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பான்.

யாக்குசா வரிசையில் கமுரோச்சோ என்று ஒரு பேட்டை வரும். டோக்கியோவின் கபுக்கிச்சோவை வைத்துச் செய்தது. 2005-இல் வந்த முதல் கேமிலும் அதே தெருக்கள்தான், அப்புறம் வந்தவற்றில் பலவற்றிலும் அதே தெருக்கள்தான். ஓடினால் சில நிமிடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடலாம். சோம்பேறித்தனம், பழைய மேப்பையே திரும்பத் திரும்ப விற்கிறார்கள் என்று மச்சான் திட்டுவான். எனக்கு அதுதான் பிடித்தது. மூன்றாவது கேமுக்குள் போகும்போது மேப்பைத் திறக்க வேண்டியதில்லை. எந்த மூலையில் சாப்பாட்டுக் கடை, எந்தச் சந்தில் போனால் அடிதடி, எல்லாம் காலுக்குத் தெரியும். ஒரு கடை மூடியிருந்தால், அட, இங்கே ஒரு கடை இருந்ததே என்று மனம் தேடும். ஆயிரம் சதுர கிலோமீட்டரில் ஒரு கடை மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

எங்கள் நகரமும் அப்படித்தான். 1852-க்குப் பிறகு வெள்ளைக்காரன் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, தெருக்களுக்குப் பெயர்கூட வைக்காமல் பலவற்றுக்கு எண் கொடுத்துவிட்டுப் போன நகரம். காகிதத்தில் பார்த்தால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் வித்தியாசமே இருக்காது, கேம் செய்கிறவன் ஒரு தெருவைச் செய்து மிச்சத்தைக் காப்பி அடித்த மாதிரி. ஆனால் 26-ஆம் தெருவுக்கும் 29-ஆம் தெருவுக்கும் இடையில் என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்வேன். கற்பூர வாசனை வந்தால் அனோரதா சாலைக் காளி கோயில், 1871-இல் தமிழர்கள் கட்டியது. எண்ணெயில் பருப்புவடை பொரியும் சத்தம் கேட்டால் இடதுபக்கம் திரும்ப வேண்டும். இரண்டாவது படியில் கால் வைத்தால் நாய் உறுமும், மூன்றாவதில் வைக்க வேண்டும். முப்பது வயதை நெருங்குகிறேன், இந்த நாலு தெருவை இன்னும் முடித்தபாடில்லை.

இனி எல்லாரையும் பகைத்துக்கொள்ளப்போகிற இடம்.

கேம்களில் பர்மா வருவதே அபூர்வம், வந்தாலும் காடு, மழை, துப்பாக்கி. அதனால் 2016-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ரைஸ் ஆஃப் தி ராஜாஸ் என்ற கூடுதல் தொகுப்பு வந்து, பர்மியர்களை ஒரு நாகரிகமாகச் சேர்த்து, பயின்னவுங் மன்னருக்கு ஒரு கதைத்தொடரும் கொடுத்தபோது, நான் என் பர்மியச் சிநேகிதர்களைவிட அதிகமாகக் குதித்தேன். குறை சொல்ல நிறைய இருக்கிறது. அவர்களுக்கென்று கொடுத்த தனிப்படை அரம்பாய், குதிரைமேல் இருந்தபடி ஈட்டி முள்ளை எறிகிறவர்கள், அது மணிப்பூர்க்காரர்களின் ஆயுதம். மணிப்பூர்க் குதிரைவீரர்கள் பர்மியப் படையில் இருந்திருக்கிறார்கள், அதனால் அடியோடு பொய் என்றும் சொல்ல முடியாது. எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். மரம் வெட்ட அனுப்பினவன் பர்மியில் பதில் சொன்னான். ஊலேவின் குரல் மாதிரியே இருந்தது.

2022-இல் டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற இன்னொரு தொகுப்பு வந்தது. அதுவரை இந்தியர்கள் என்று ஒரே மூட்டையாக இருந்ததைப் பிரித்து, திராவிடர்கள் என்று தனியாக ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு ஒரு கதைத்தொடர். சுருள்வாள் வீசும் வீரன், கடலில் திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பல். (திரிசடை என்றால் அப்பத்தாவுக்கு அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்த நல்லவள். அவளைக் கப்பலாக்கி அம்பு எய்ய வைத்ததைக் கேட்டு, "அவ பாவம்டா" என்றது.) நைட் குதிரைப்படை கிடையாது, கடலும் காலாளும்தான் பலம். மச்சான் அன்றைக்கே கட்சி மாறிவிட்டான், அவன் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த தமிழ்ப் பையன்கள் எல்லாருமே. நம்ம ஆளு, நம்ம கப்பல் என்று ஒரே முழக்கம்.

நான் மட்டும் பர்மியர்களை விடவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதற்கு வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன். 1025-இல் ராஜேந்திரன் கப்பல் அனுப்பிப் பிடித்த ஊர்கள் என்று மெய்க்கீர்த்தியில் ஒரு பட்டியல் வருகிறது. கடாரம் எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில் மாப்பப்பாளம் என்று ஒரு ஊர், அது கீழ்ப்பர்மாக் கடற்கரைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் மச்சான் திரிசடையை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவது யார் வீட்டு வாசலில்? எங்கள் வாசலில்தானே? ஒருநாள் இதே சண்டையில் இருந்தபோது அப்பத்தா பின்னால் வந்து நின்றது.

"யாருடா ஜெயிக்கிறா, நம்மாளா?"

"எந்த நம்மாளு அப்பத்தா?"

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தது. "அந்த யானை யாருது?" என்றது. என்னுடையது என்றேன். "அப்ப அதுதான்" என்று போய்விட்டது.

பெருமைப்படக் கப்பல்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, 13-ஆம் நூற்றாண்டு. மேலே சமஸ்கிருதச் சுலோகம் ஒன்று, அடுத்தது முழுக்கத் தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நம்பி, பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாமல் எரிய ஒரு விளக்கும் வைத்தான் என்கிறது. நானாதேசி என்றால் பல தேசம் போய்வந்த வணிகர் கூட்டம். வியாபாரத்துக்கு வந்தவர்கள் இருந்த ஊரில் ஒரு கதவும் விளக்கும். எனக்கு இது திரிசடையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மச்சானிடம் சொன்னேன். "விளக்கை வச்சு எப்படிடா எதிரி கோட்டையை உடைப்பே" என்றான்.

வெண்பாவையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பீர்கள். 2023-இல் வந்த சமையல் கேம், 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், பிரிட்டனின் பாப்டாவில் முதல் படைப்புக்கான விருதும் வாங்கியது. அழாத தமிழன் இல்லை என்றார்கள். நான் அழவில்லை. இட்லித் தட்டை அடுக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, கிழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்துச் சமைப்பது என்ற யோசனை அருமை. ஆனால் விமானத்தில் வந்து இறங்கின அப்பா அம்மா, தமிழை விட்டு விலகுகிற பிள்ளை என்கிற வலி எங்களுடையது இல்லை. நாங்கள் இங்கே ஐந்தாவது தலைமுறை. கோயில் வகுப்பில் சாயங்காலம் படித்த தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மி. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறிப் போனவர்கள் போனார்கள், எங்கள் தாத்தா போகவில்லை, ஏன் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. எங்கள் வீட்டு மொஹிங்காவில், அதாவது பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸில், கறிவேப்பிலை விழும். அது எப்போதிலிருந்து என்று அப்பத்தாவுக்கே தெரியாது. கிழிவதற்கு எங்களிடம் குறிப்பு நோட்டே இல்லை.

மச்சான் இப்போது பாங்காக்கில். ஏன் போனான் என்று விரிவாக எழுதப்போவதில்லை, அவன் வயதில் இருந்த பையன்கள் பாதிப் பேர் இப்போது இந்தத் தெருவில் இல்லை. கயிற்றில் கட்டின கேபிள் இன்னும் தொங்குகிறது, அவர்கள் வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், அது என்ன கம்பி என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாரம் ஒருமுறை இணையத்தில் ஆடுகிறோம். எதிரெதிராக ஆடுவதை விட்டுவிட்டோம், அவன் திராவிடர், நான் பர்மியர், இரண்டு பேரும் ஒரே கூட்டணி, எதிரே கம்ப்யூட்டர். இந்த கேமில் கூட்டாளியின் சந்தைக்கு வண்டி விட்டு வணிகம் செய்யலாம், சந்தைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடத் தங்கம் கூடும். நான் என் சந்தையை மேப்பின் இந்தக் கோடி மூலையில் கட்டுவேன், அவனை அந்தக் கோடியில் கட்டச் சொல்வேன். படை திரட்டாமல் வண்டிகள் ஒரே தடத்தில் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு இது சுத்த அறுவை. "எப்பதான் சண்டை போடுவே?" என்பான்.

அவன் ஒரு கணக்கும் வைத்திருக்கிறான். ஜெயித்தவை 31, தோற்றவை 9, கரண்டுக்குப் போனவை 44. போன சனிக்கிழமை நாற்பத்தைந்தாவது. என்னுடைய கடைசி வண்டி அவன் சந்தைக்குப் பக்கத்தில் போய்விட்டது, ரவுட்டர் அணைந்தது. போன் எடுத்தேன், அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான், பேசவில்லை, ரொம்ப நேரம் லைனில் இருந்தான். ஐம்பது நிமிடம் கழித்துக் கீழே தெருவில் கூச்சல் எழுந்தபோது, ஜன்னலைத் திற, போனை வெளியே நீட்டு என்றான்.